மத்தியானக் கட்டை

அந்த வருஷம் சாகினா ஆற்றுப் பனி உடைய ஏப்ரல் பாதியாகிவிட்டது. ஆறு உறைந்து கிடந்தால் மரம் மிதந்து வராது, மரம் வராவிட்டால் வாள் ஓடாது. கரை நெடுக இருந்த அறுவை ஆலைகள் புகையில்லாமல் நின்றன. ஆம்பிளைகள் வீட்டில் அடுப்புக்கும் சன்னலுக்குமாக நடந்து பெண்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையற்ற நாட்களில்தான் கோர்வின் ஆலைக்குள் துப்பாக்கி வந்து இறங்கியது.

சுடுகிற துப்பாக்கி இல்லை. நாற்பதடி நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய், அதற்குள் ஒரு தண்டு. தண்டின் நுனியில் மரம் ஏற்றிய வண்டியை மாட்டிவிடுவார்கள். குழாயின் ஒரு முனையில் நீராவியை விட்டால் வண்டி வாளை நோக்கிப் பாயும், மறுமுனையில் விட்டால் திரும்பி ஓடிவரும். செய்தவர்கள் அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று வைத்திருந்தார்கள். பார்த்தவர்கள் துப்பாக்கி என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

ஓவிட் லபோந்த் அந்த ஆலையில் பதினெட்டு வருஷமாக லீவர் பிடிக்கிறவன். கியூபெக்கிலிருந்து வந்த புதிதில் வண்டியைப் பல்சக்கரம் இழுத்தது. நத்தை அதைத் தாண்டிப் போய்விடும். பிறகு கயிறு வந்தது. அதற்கும் பிறகு உராய்வுச் சக்கரம். இரண்டு சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசி வண்டியை ஓட்டும். ஒன்று இரும்பு, மற்றது அழுத்திக் கெட்டித்த காகிதம். மரத்தில் கணுவோ பழைய ஆணியோ வாளில் சிக்கினால் காகிதச் சக்கரம் வழுக்கும், கருகின வாடை வரும். வாடை மற்றவர்கள் மூக்கில் ஏறுவதற்குள் ஓவிட் வண்டியைப் பின்னுக்கு இழுத்துவிடுவான். அவனுடைய மூக்கால் ரெண்டு பேராவது இன்னும் காலோடு நடமாடுகிறார்கள் என்று ஆலையில் சொல்வார்கள். துப்பாக்கியில் வழுக்குவதற்கு ஒன்றுமே இல்லை. நீராவி தள்ளினால் தள்ளியதுதான்.

வண்டியோடு வண்டியாக ஓடுகிறவன் சோத்திக். ஓவிடின் மனைவி எக்சில்டாவின் தம்பி, முப்பது வயது, இன்னும் கல்யாணமாகவில்லை, அக்கா வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். ஒவ்வொரு அறுப்பும் முடிந்து வண்டி திரும்பியதும் அடுத்த பலகைக்கு எத்தனை அங்குலம் என்று மரத்தை வாள் பக்கம் நகர்த்திக் கொடுப்பது அவன் வேலை. உராய்வுச் சக்கரக் காலத்தில் வண்டியில் நின்றபடியே குழாயில் புகையிலை அடைத்துக்கொள்வான். துப்பாக்கி வந்த முதல் நாள் முதல் மரத்திலேயே அவன் தொப்பி ஓரிடத்தில் விழுந்தது, அவன் ஓரிடத்தில் விழுந்தான்.

"மச்சான்!" என்று மரத்தூளுக்குள்ளிருந்து கத்தினான். "மரத்த அறுக்கச் சொன்னா என்னைய ஆத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பப் பாக்குறீங்களே!"

"இறுக்கிப் பிடிடா மாப்ள. எனக்கே இன்னும் கை படியல."

"உங்க கை படியறதுக்குள்ள என் பல்லு கொட்டிரும்."

மேஸ்திரி மெக்ராத் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அயர்லாந்துக்காரர். கோபம் வந்தால் குரல் தாழும் மனுஷர். "ஓவிட், இதே துப்பாக்கிய வெச்சு வளைகுடாப் பக்கம் ஒருத்தன் நீ அறுக்கறதப் போல ரெண்டு மடங்கு அறுக்கறான். மே மாசம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் அவனக் கூப்பிடுவேன். அவனுக்கு வீடு வேணும்னு கேப்பான்."

தன் வீட்டைத்தான் சொல்கிறார் என்று ஓவிடுக்குத் தெரியும். ஆலை கட்டிக் கொடுத்த வரிசையில் நாலாவது வீடு. எக்சில்டா அதில்தான் மூன்று பிள்ளைகளைப் பெற்றாள், ஒன்றைப் புதைத்தாள்.

மே மாதத்துக்குள் அவன் கை படிந்தது. சோத்திக்கின் உடம்புதான் படியவில்லை. தினமும் நானூறு தடவை முன்னால் எறிந்து பின்னால் இழுத்தால் எந்த உடம்பு தாங்கும்? சாயங்காலம் பட்டாணி சூப்புக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்குவான். எக்சில்டா அவனைக் கவிழ்ந்து படுக்க வைத்துக் கற்பூர எண்ணெய் தேய்ப்பாள். தேய்க்கிற கை தம்பி முதுகில் இருக்கும், வாய் புருஷன் பக்கம் இருக்கும்.

"கொஞ்சம் மெதுவா ஓட்டுனா என்னங்க? இவன் என்ன மூட்டையா?"

"மெதுவா ஓட்டுனா வளைகுடாக்காரன் வருவான்."

"வரட்டுமே."

"வந்தா நீ எங்க சமைப்ப?"

சோத்திக் தலையணைக்குள்ளிருந்து, "சண்ட போடாதீங்க அக்கா. மச்சான் ரொம்ப நல்லாத்தான் ஓட்டுறாரு. மதியம் ஒரு தூக்கம் போட்டுட்டா எனக்கு எல்லாம் சரியாப் போவுது" என்றான்.

அந்த மதியத் தூக்கம் கோர்வின் ஆலையின் வழக்கம். பன்னிரண்டுக்குச் சங்கு ஊதும், எஞ்சின் நிற்கும், வாள் தானாகச் சுற்றிச் சுற்றி ஓயும். பெண்கள் சாப்பாட்டு வாளியோடு வருவார்கள். எல்லோரும் போய் உட்காருகிற இடம் வண்டிதான். பாதி அறுத்த மரத்தின் மேல்பக்கம் மேசையைப் போல மட்டமாக இருக்கும், புது பைன் மரத்தின் வாசனையோடு சாப்பிடலாம். சாப்பிட்டு அதன்மேலேயே நீட்டிப் படுப்பார்கள். ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது எஞ்சினை ஓட்டி வாளை வேகம் பிடிக்க வைப்பார்கள். ஒரு மணிச் சங்கு வரைக்கும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த ஐந்து நிமிஷத் தூக்கம்தான் ருசி. உராய்வுச் சக்கரக் காலத்தில் இதில் ஆபத்தே இருந்ததில்லை, லீவரை அழுத்திப் பிடித்தால்தான் வண்டி நகரும்.

துப்பாக்கி வந்தபின் முதல் மதியச் சாப்பாட்டிலேயே வண்டி தானாகப் பின்னுக்கு நகர்ந்து முட்டுத் தடுப்பில் மோதியது. எக்சில்டா கொண்டுவந்த சூப் முழுவதும் சோத்திக்கின் மடியில்.

"பேயி இருக்கு இதுல" என்றான் அவன், கால்சட்டையை உதறிக்கொண்டே.

"பேயாவது! ஆவி கசியுது" என்றான் ஓவிட். லீவர் நடுவில்தான் நின்றது. உள்ளே வால்வு சரியாக உட்காராமல், பின்னுக்குத் தள்ளுகிற பக்கம் நீராவி இழையாகக் கசிந்துகொண்டிருந்தது.

மெக்ராத் அதற்கு ஒரு வழி சொன்னார். தரைப் பலகைக்குக் கீழே இறங்கினால் குழாயில் ஒரு வடிகுழாய்த் திருகு இருக்கிறது. மதியத்தில் அதைத் திறந்துவிட்டால் உள்ளே அழுத்தம் நிற்காது, வண்டி அசையாது. ஓவிட் நாலு நாள் அப்படிச் செய்தான். கீழே ஈரத் தூளில் முழங்காலிட்டு ஊர்ந்து போக வேண்டும், கொதிநீர் முகத்தில் அடிக்கும். அது போகட்டும். குழாய் குளிர்ந்துவிடும், சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பத்து மரத்துக்கும் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். கடிகாரத்தோடு நிற்கிற மேஸ்திரி அந்தப் பத்து மரத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐந்தாம் நாள் ஓவிட் வீட்டில் ஹிக்கரி என்கிற கெட்டி மரத்தில் ஒரு துண்டை எடுத்துச் சீவத் தொடங்கினான். உள்ளங்கை நீளம், ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் சரிவு. மறுநாள் மதியம் அதை லீவருக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துச் சுத்தியால் தட்டினான். லீவர் நடுவை விட்டு ஒரு மயிரிழை வாள் பக்கம் சாய்ந்து நின்றது. பின்னால் இழுக்கிற கசிவும் முன்னால் தள்ளுகிற அந்த மயிரிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. வண்டி அறைந்து வைத்ததைப் போல நின்றது. சோத்திக் கிண்ணம் நிறைய சூப்பை மரத்தின்மேல் வைத்து, குனிந்து, அதன் விளிம்பையே பார்த்தான். ஒரு அலை இல்லை.

"யக்கா, உம் புருஷன் பெரிய ஆளு" என்றான். "இனிமே எனக்குத் தாலாட்டு இந்தச் சுத்திச் சத்தம்தான்."

அதற்கு மத்தியானக் கட்டை என்று பெயர் வந்தது. மெக்ராத் வந்து குனிந்து பார்த்துவிட்டு, தோளில் தட்டினார். அவர் தட்டி ஓவிட் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்கரை ஆலைக்காரர்கள் இரண்டு பேர் படகில் வந்து அளவெடுத்துப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில், "கட்டைக்காரரே" என்று ஒருவன் கூப்பிட்டபோது ஓவிட் கேட்காதவனைப் போல நாலடி நடந்தான், இரண்டாம் தடவை கூப்பிடட்டும் என்று. எக்சில்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜூலை மாதம் ஹல்வோர் வந்தான். துப்பாக்கியைப் பொருத்திய நார்வேக்காரன், ஆலை ஆலையாகப் போய் இயந்திரம் பார்க்கிறவன். சனிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிறு மாலைவரை வால்வைக் கழற்றித் தேய்த்துப் புதிதாக உட்கார வைத்தான். கிளம்பும்போது ஓவிடைத் தேடி வீட்டுக்கே வந்தான்.

"கசிவு நின்னாச்சு. இப்ப நடுன்னா நடுதான். உன் கட்டையத் தூக்கி எறிஞ்சிரு."

"அது ஒண்ணும் கெடுதல் பண்ணாதே."

"கேளுய்யா. உன் கட்டை லீவர வாள் பக்கம் சாய்க்குது. இத்தன நாளும் பின்னாடி இழுக்கறதுக்கு ஒண்ணு இருந்துச்சு. இப்ப அது இல்ல. பொறவு அது எங்க போகும்?"

"சரி சரி. காப்பி குடிக்கிறியா?"

ஹல்வோர் காப்பி குடித்தான். அன்று ராத்திரிக் கப்பலில் ஏரியைத் தாண்டி அடுத்த வேலைக்குப் போய்விட்டான். ஓவிடுக்கு அவன் சொன்னது விளங்காமலில்லை. விளங்கியது. ஆனால் வேறு எவனோ ஒருத்தன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்து தேய்த்துவிட்டுப் போய், தன் கட்டையைத் தூக்கி எறி என்கிறான் என்பதுதான் பொறுக்கவில்லை. எறியலாம், என்ன அவசரம் என்று நினைத்தான்.

மறுநாள் மதியம் வெயில் ஆலைக் கூரையைக் காய்ச்சியது. எக்சில்டா வாளியை இறக்கிவிட்டு, துவைக்கிற துணி கிடக்கிறதென்று உடனே போய்விட்டாள். அவரைக்காயும் உப்புப் போட்ட பன்றிக்கறியும், வெல்லப்பாகு தடவிய ரொட்டியும். சாப்பிட்டு முடித்து மற்றவர்கள் ஆற்றங்காற்றுக்காக வெளியே போனார்கள். சோத்திக் மட்டும் மரத்தின்மேல் நீட்டினான், ஒரு கால் வாள் பக்கமாகத் தொங்க.

"மச்சான், கட்டை போடலியா?"

இனி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் வேண்டாம் என்று அவன் கேட்டிருப்பான். நார்வேக்காரன் சரிபண்ணிவிட்டான் என்று சொல்ல வேண்டியிருக்கும். ஓவிட் கட்டையை எடுத்து வைத்துச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினான். வண்டியைப் பார்த்தான். அசையவில்லை. மதியத்தில் கொதிகலன் நெருப்பைத் தணித்துவைத்திருப்பார்கள், அழுத்தம் குறைவு, அதன்மேல் அவ்வளவு பெரிய மரம். பார்த்தாயா ஹல்வோர், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அவனும் வெளியே போய் மற்றவர்களோடு புகைக்குழாய் பற்றவைத்தான்.

ஒன்றுக்கு ஐந்து நிமிஷம். நெருப்புக்காரன் ஆவியை ஏற்றினான். எஞ்சின் ஓடியது, வாள் வேகம் பிடித்துப் பாட்டுப் பாடத் தொடங்கியது. அந்தப் பாட்டு நடுவில் ஒரு கணம் மாறியதை முதலில் கேட்டவன் ஓவிட்தான். பைன் மரத்தில் வாள் இறங்குகிற சத்தம் அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். இது அது இல்லை.

ஓடினான். வண்டி நிதானமாக, யாரோ கையால் தள்ளுகிறதைப் போல, வாளுக்குள் போய்க்கொண்டிருந்தது. கட்டையைச் சுத்தியால் அடித்துப் பிடுங்கி லீவரைப் பின்னுக்கு இழுத்தான். வண்டி பின்னால் பாய்ந்தது. சோத்திக் வண்டியிலேயே இருந்தான். வலது கால், முழங்காலுக்கு மேலே இரண்டு விரற்கடையில் இருந்து, வண்டியில் இல்லை.

ஆட்கள் ஓடிவந்து இடுப்புவாரால் தொடையை இறுக்கினார்கள். மெக்ராத் கீழே மண்டியிட்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கட்டை இருந்துச்சா ஓவிட்?"

அது அவனுடைய மேலங்கிப் பையில் இருந்தது. எப்போது போட்டான் என்று அவனுக்கே தெரியாது.

"இல்லீங்க. நான் வரும்போது கீழ கெடந்துச்சு."

அவ்வளவுதான் அவன் சொன்னது. மீதியை மற்றவர்களே சொல்லி முடித்தார்கள். சோத்திக் தண்ணீர் குடிக்க இறங்கியிருக்கிறான், திரும்ப ஏறும்போது முழங்கால் தட்டிக் கட்டை விழுந்திருக்கிறது, லீவரும் அசைந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் அந்த வரிசை வீடுகள் முழுவதும் அதுதான் பேச்சு. ஆலை அலுவலகத்திலும் அப்படித்தான் எழுதினார்கள்.

அன்று மாலை எக்சில்டா துணிக் கிழிசல்களைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளறைக்குப் போன நேரம் பார்த்து ஓவிட் அடுப்பு வாயைத் திறந்து பையிலிருந்ததை உள்ளே போட்டான்.

சோத்திக் எட்டு நாள் கிடந்தான். சமையலறைக்கு அடுத்த சிறிய அறை, பத்தடிக்குப் பத்தடி. இரண்டுக்கும் நடுவே ஒற்றைப் பலகைச் சுவர். அந்தப் பலகைகளை ஓவிடே அறுத்திருந்தான், காகிதச் சக்கரக் காலத்தில். மூன்று நாள்வரை பயமில்லை என்றார் வைத்தியர். நாலாம் நாள் காயத்துணியை அவிழ்த்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். வெயில் விடவில்லை. அறையில் ஈ மொய்த்தது. சன்னல் கண்ணாடியை மேலே தூக்கினால் நிற்காது, தானாக இறங்கிவிடும்.

"ஏதாவது கட்டை இருந்தா கொண்டாந்து முட்டுக் குடுங்களேன்" என்றாள் எக்சில்டா. "மூச்சு முட்டுது புள்ளைக்கு."

ஓவிட் நின்ற இடத்திலேயே நின்றான்.

"என்னங்க?"

"பாக்குறேன்" என்று வெளியே போய், வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தான். அவள் தன் செருப்பை மடித்துச் செருகினாள். அது வழுக்கி வழுக்கி விழுந்தது.

ஐந்தாம் நாள் எக்சில்டா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். சோத்திக் கூப்பிட்டான். காய்ச்சலில் கண் பளபளத்தது.

"மச்சான், இங்க உக்காருங்க. ஒண்ணு கேக்கணும்."

"பேசாதடா. தூங்கு."

"நீங்க சுத்தியால தட்டுனது எனக்கு நல்லா கேட்டுச்சு. ரெண்டு தட்டு. அப்புறம் தண்ணி குடிக்க எறங்குனேன். ஏறும்போது காலு எதுலயும் பட்ட மாதிரி இல்ல. படுத்துப் படுத்து நெனச்சுப் பாக்குறேன், நெனப்பு வரல." அவன் ஓவிடின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். கை அடுப்பைப் போலச் சுட்டது. "நெசமாச் சொல்லுங்க. கட்டை கீழதான் கெடந்துச்சா?"

அந்த வீட்டில் அப்போது வேறு ஒருவரும் இல்லை. இருவர்தான். சொன்னால் சோத்திக் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறான்? இதெல்லாம் ஓவிடுக்குப் பிற்பாடு தோன்றியது, வருஷக்கணக்காகத் தோன்றியது. அந்த நேரத்தில் அவனுக்கு எக்சில்டா படியேறுகிற சத்தம் கேட்கிறதா என்றுதான் காது போயிற்று.

"ஆமாடா. கீழதான் கெடந்துச்சு."

சோத்திக் கையை விட்டான். "அப்ப நாந்தான். மாட்டுப் புத்தி எனக்கு. உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன் மச்சான். அவ்வளவு நல்ல கட்டை." பிறகு, "மேஸ்திரி உங்கள ஏதும் சொல்லலையே?" என்றான்.

"இல்ல."

"அது போதும்."

எட்டாம் நாள் காலை, சாகிறவனுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைபூசுதல் கொடுக்கச் சாமியார் வந்தார். முதலில் அவன் தன் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்காக எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். எக்சில்டா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முற்றத்தில் முழங்காலிட்டாள். ஓவிட் சமையலறையில் நின்றான். நிற்கக்கூடாது என்று தெரிந்தும் நின்றான். காய்ச்சல் ஏறியவன் மெதுவாகவா பேசுவான்?

"என் கவனக்கொறவால, சாமி. மச்சான் சரியாத்தான் வெச்சிருந்தாரு. நாந்தான் தட்டிவிட்டேன். அக்காளுக்குச் சொமையாப் போயிட்டேன். இதும் பாவந்தானே சாமி? தன் உசிர தானே கெடுத்துக்கிட்டா அது பாவந்தானே?"

சாமியார் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். மன்னிப்பு மந்திரம் தொடங்கியது. தான் அறுத்த பலகையில் ஓவிட் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். கதவுத் தாழ்ப்பாளுக்கு மூன்றடி. அந்த மூன்றடியை அவன் கால் நடக்கவில்லை. தன்மேல் இல்லாத பாவத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு சோத்திக் பத்து மணிவாக்கில் செத்துப்போனான்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை ஓவிட் வேலைக்குக் கிளம்பினான். எக்சில்டா சாப்பாட்டு வாளியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். பதினெட்டு வருஷத்தில் அவள் காலையிலேயே வாளியைக் கொடுத்தனுப்பியது இல்லை. தம்பி விழுந்த இடத்துக்கு எப்படி வருவாள் என்று நினைத்துக்கொண்டான். அவள் அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

புது ஆள் அமெதே வண்டியில் நின்றான். நல்ல உடல்கட்டு, சிரித்த முகம். மூன்று முறை விழுந்து எழுந்து, பன்னிரண்டு மணிக்குள் பிடித்துக்கொண்டான். சங்கு ஊதியது. ஆட்கள் வழக்கம்போல வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். அங்கே இரத்தம் இருந்த பலகையைப் பெயர்த்துப் புதுப்பலகை போட்டிருந்தார்கள்.

"வாங்க மாமா, எடம் இருக்கு" என்றான் அமெதே. "அந்தக் கட்டையப் பத்தி ரொம்பச் சொல்றாங்களே, எங்க அது? நானும் பாக்கணும்."

ஓவிட் வாளியைத் திறந்தான். மேலே ரொட்டி, துணியில் சுற்றியது. அதன் கீழே சூப்பு இல்லை. ஹிக்கரித் துண்டு ஒன்று இருந்தது. கழுவித் துடைத்து வைத்திருந்தாள். தடித்த பக்கம் கருகியிருந்தது, சரிவுப் பக்கம் அப்படியே. சாம்பலுக்குள் புதைந்துபோன ஹிக்கரியைக் கோடைக்காலச் சின்ன நெருப்பு என்ன செய்யும்?

அவன் அதை எடுத்துக்கொண்டு நேரே மெக்ராத்தின் அறைக்குப் போனான். மேசைமேல் வைத்தான்.

"இது கீழ கெடக்கல மேஸ்திரி. லீவர்லதான் இருந்துச்சு. நாந்தான் வெச்சேன். வெக்க வேண்டாம்னு ஹல்வோர் சொல்லியும் வெச்சேன்."

மெக்ராத் ரொட்டி மென்றுகொண்டிருந்தார். கட்டையைப் புரட்டிப் பார்த்தார். "சுத்தி இல்லாம இது வராதுய்யா. முழங்காலு பட்டு விழுமா? அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"துப்பாக்கில கோளாறுன்னு எழுதுனா அலுவலகத்துக்கு ஆகாது. உன் மேல எழுதுனா இந்த வேகத்துக்கு அறுக்க எனக்கு வேற ஆள் இல்ல. அவன் மேல எழுதுனா அவனுக்கு என்ன? போயி சாப்பிடு." கட்டையை அவன் பக்கம் தள்ளினார். "அந்தப் புதுப் பயகிட்ட வண்டியில படுக்காதேன்னு சொல்லி வை."

ஓவிட் ஆலைக்குள் திரும்பவில்லை. வரிசை வீடுகளுக்கு நடந்தான். வெயிலில் தெரு காலியாக இருந்தது. எக்சில்டா சின்ன அறையில் சோத்திக்கின் மெத்தை உறையைப் பிரித்து வைக்கோலை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எக்சில்டா, நான் மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டேன்."

அவள் வைக்கோலை உருவிக்கொண்டே இருந்தாள்.

"நாந்தான் வெச்சேன். தெரிஞ்சேதான்... இல்ல, தெரிஞ்சும்..."

"கீழ கெடந்த கட்டைய எதுக்குங்க எரிக்கணும்?" என்றாள். குரலில் சத்தமே இல்லை. "அவன அடக்கம் பண்ணிட்டு வந்து அள்ளுன சாம்பல்ல அது வந்ததுமே தெரிஞ்சிருச்சு."

"என்னைய என்ன வேணா சொல்லு."

"எனக்கு என்னத்துக்குச் சொல்றீங்க? மேஸ்திரிக்கு என்னத்துக்குச் சொன்னீங்க?" இப்போதுதான் அவள் திரும்பினாள். அழுது வீங்கிய முகம், ஆனால் அப்போது அழவில்லை. "எட்டு நாள் இந்தக் கட்டில்ல கெடந்தான். உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன், கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்னு எங்கிட்ட அழுதான். நான் அவனத் திட்டுனேன்ங்க. ஏண்டா பாத்து ஏறக்கூடாதான்னு. சாகக் கெடக்கறவன நான் திட்டுனேன். அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? நீ இல்லடா, நாந்தான்னு. அவன் உங்களக் கோவிச்சிருக்கக்கூட மாட்டான்."

கோவித்திருக்க மாட்டான். அது ஓவிடுக்கும் தெரியும். அவன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

அவள் கையை நீட்டினாள். அவன் கட்டையைக் கொடுத்தான். அவள் சன்னல் கண்ணாடியை மேலே தூக்கி, கருகிய முனை வெளிப்பக்கமாக இருக்கும்படி அதை முட்டுக் கொடுத்தாள். கண்ணாடி நின்றது. ஆற்றுக்காற்று உள்ளே வந்தது.

"நல்லாத்தான் நிக்குது" என்றாள்.

மணி ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. எஞ்சின் சத்தமும் அதன்பின் வாள் வேகம் பிடிக்கிற சத்தமும் அந்தச் சன்னல் வழியாகவே வந்தன.

"போங்க" என்றாள். "லீவர் புடிக்க வேற ஆள் இல்லையே."

அவன் போனான். அந்த வீட்டில் இன்னும் பதினோரு வருஷம் இருந்தார்கள். ஆலையில் மதியம் யாரையும் வண்டிமேல் அவன் படுக்கவிட்டதில்லை, தானே கீழே ஊர்ந்து வடிகுழாயைத் திறந்தான், முதல் பத்து மரம் வெட்டி வெட்டி இழுத்தாலும் மெக்ராத் ஒன்றும் சொன்னதில்லை. வீட்டில் அந்தச் சன்னலுக்கு வேறு முட்டு எத்தனையோ செதுக்கிக் கொடுத்துப் பார்த்தான். எக்சில்டா அவற்றை அடுப்பில் வைத்தாள். கோடை வந்தால் அந்தச் சன்னலை மட்டும் அவள் திறக்க மாட்டாள். புழுக்கம் தாங்காமல் ஓவிடே எழுந்து போய், அந்தக் கட்டையைக் கையில் எடுத்து வைக்க வேண்டியிருந்தது.